ஆர்டோரை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்யும்போது வரும் தடைகள்: ஒரு வியாசர்பாடிக் கேள்விக்கு விரிவான பதில்

கேள்வியின் சுருக்கம் இது. வியாசர்பாடியில் மொட்டைமாடி ஷீட் அறையில் நண்பர்களோடு சேர்ந்து கானாப் பாடல்களைப் பதிவுசெய்து வரும் தம்பி ஒருவர், 4 ஜிபி ரேம் உள்ள பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு 24.04 போட்டு, ஆர்டோர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளின் புதிய பதிப்பை அதன் மூலநிரலிலிருந்து தாமே கம்பைல் செய்ய, அதாவது எழுதப்பட்ட நிரலை ஓடும் மென்பொருளாக மாற்ற, முயன்றிருக்கிறார். அதே கணினியில் விண்டோஸும் இருக்கிறது. இணையம் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் வருகிறது. முதலில் ஏதோ ரிவிஷன் கோப்பைக் காணோம் என்றது. அதைத் தாண்டியபின் லைப்ரரிகளை (மென்பொருள் சார்ந்திருக்கும் துணை நிரல்களை) ஒவ்வொன்றாக ‘இல்லை’ என்றது. எல்லாவற்றையும் நிறுவி ஓடவிட்டால், பாதியில் ‘கில்டு’ என்று நின்றது. ஒருவழியாக முடித்துத் திறந்தபோது, இரண்டு மைக் செருகும் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் பட்டியலிலேயே இல்லை. “அண்ணா, எந்த இடத்தில் கோட்டை விட்டேன்?” என்று கேட்கிறார்.

தம்பி, நீங்கள் சொன்ன நான்கும் நான்கு வெவ்வேறு கட்டங்களில் எழுந்தவை. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு உதவாது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழிலேயே எழுதுகிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் இட வேண்டும்.

அதற்குமுன் ஒரு கேள்வி: இந்த வேலை உங்களுக்கு உண்மையிலேயே தேவையா? ஆர்டோர் பால் டேவிஸ் தொடங்கிய திட்டம். ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வெளிவருவது. அதன் தளத்தில், நிறுவத் தயாராக உள்ள தொகுப்புக்குப் பணம் கேட்கிறார்கள், மூலநிரலுக்குக் கேட்பதில்லை. இதைப் பார்த்துவிட்டு, காசில்லாமல் ஆர்டோர் வேண்டுமென்றால் கம்பைல் செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது சரியல்ல. உபுண்டு, டெபியன் ஆகிய லினக்ஸ் அமைப்புகளின் களஞ்சியங்களிலேயே (அவை மென்பொருள்களை வைத்து வழங்கும் இணையக் கிடங்குகளிலேயே) ஆர்டோர் இருக்கிறது. ‘ஆப்ட் இன்ஸ்டால் ஆர்டோர்’ என்று ஒரு வரி போட்டால் போதும், காசும் இல்லை, கம்பைலும் இல்லை. பதிப்பு சற்றுப் பழையதாக இருக்கும். ஒரு குரல், ஒரு டோலக், ஒரு கீபோர்டு என்று டிராக் டிராக்காகப் பதிந்து மிக்ஸ் செய்ய அந்தப் பதிப்பே தாராளம். புதிய பதிப்பில் மட்டும் உள்ள வசதியோ, அதில் மட்டும் சரிசெய்யப்பட்ட பிழையோ உங்களுக்குத் தேவை என்றால்தான் மூலநிரல் பக்கம் போவதில் பொருள் உண்டு. அல்லது கற்றுக்கொள்ளும் ஆசை இருக்க வேண்டும். அதையும் குறைசொல்ல மாட்டேன். எப்படியானாலும், முதலில் களஞ்சியத்துப் பதிப்பை நிறுவி இன்டர்ஃபேஸ் அதில் தெரிகிறதா என்று பாருங்கள். அதிலும் தெரியாவிட்டால் சிக்கல் கம்பைலில் இல்லை என்பது உடனே விளங்கிவிடும்.

இனி பிழைச்செய்தியைப் படிக்கும் முறை. கடைசி வரியைப் பார்த்துவிட்டு அதை அப்படியே தேடுபொறியில் ஒட்டுவதுதான் பெரும்பாலோர் வழக்கம். கடைசி வரி, வேலை நின்றுவிட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. ஏன் நின்றது என்பது அதற்கு மேலே எங்கோ இருக்கிறது. இரண்டு நான்கு கம்பைலர்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது, ஒன்று தவறிய பின்பும் மற்றவை தங்கள் கோப்பை முடித்து எச்சரிக்கைகளைக் கொட்டிவிட்டுத்தான் நிற்கும். அதனால் உண்மையான காரணம் ஐம்பது நூறு வரிகளுக்கு மேலே புதைந்துவிடும். வெளியீடு முழுவதையும் ‘டீ’ கட்டளை வழியே ஒரு கோப்பில் சேமித்து, அதில் ‘எர்ரர்’ என்ற சொல் முதன்முதலில் வரும் இடத்தைத் தேடுங்கள். எச்சரிக்கைகளைப் பொருட்படுத்த வேண்டாம். நன்றாக ஓடும் மென்பொருளிலும் அவை நூற்றுக்கணக்கில் வரும்.

ரிவிஷன் கோப்புச் சிக்கலுக்குக் காரணம் நீங்கள் மூலநிரலைக் கிட்ஹப் தளத்திலிருந்து ஜிப் கோப்பாக இறக்கியது. டேட்டாவை மிச்சப்படுத்த அப்படிச் செய்தது புரிகிறது. ஆனால் கம்பைலுக்குமுன் கணினியைச் சோதிக்கும் ஆர்டோரின் கான்ஃபிகர் நிரல், பதிப்பு எண்ணைக் கிட் வரலாற்றில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் பதிவில்) உள்ள டேக் குறியீடுகளிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கிட் வரலாறு இல்லையென்றால், வெளியீட்டுத் தொகுப்பில் தயாராக வைத்திருக்கும் ‘ரிவிஷன்.சிசி’ என்ற கோப்பைத் தேடும். ஜிப்பில் இரண்டுமே இருக்காது. அதனால்தான் ‘பேக்கேஜ் செய்தவரைத் திட்டுங்கள்’ என்ற பொருளில் ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றது. எழுதியவர்களின் குசும்பு அது; மேலே தேட வேறு காரணம் எதுவும் இல்லை. நீங்கள் அந்தக் கோப்பைக் கையால் உருவாக்கித் தப்பித்திருக்கிறீர்கள். அது ஓடும், ஆனால் பிறகு பிழை தெரிவிக்கும்போது எந்தப் பதிப்பு என்று உங்களுக்கே தெரியாது. இரண்டு நேர்வழிகள் உண்டு. ஆர்டோர் தளத்திலேயே கிடைக்கும் மூலநிரல் டார் தொகுப்பை எடுக்கலாம். அதில் ரிவிஷன் கோப்பு இருக்கும். கிட் வழியே எடுப்பதானால், ‘டெப்த் 1’ என்று வரலாற்றை வெட்டி எடுக்காதீர்கள், குறியீடுகள் வராமல் அதே இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ‘ஃபில்டர்=பிளாப்:நன்’ என்ற விருப்பத்தோடு குளோன் செய்தால் கமிட் வரலாறும் குறியீடுகளும் முழுமையாக வரும்; பழைய கோப்புகளின் உள்ளடக்கம் மட்டும் தேவைப்படும்போது இறங்கும். ஹாட்ஸ்பாட்டை நம்பியிருப்பவருக்கு இது பெரிய மிச்சம். எல்எம்எம்எஸ், சூப்பர்கொலைடர் போன்ற பிற இசை மென்பொருள்களில் ஜிப் இன்னொரு விதத்தில் கழுத்தறுக்கும்: அவற்றின் துணைத் திட்டங்கள் சப்மாட்யூல்களாக இருப்பதால் ஜிப்பில் வெற்று ஃபோல்டர்களாகவே வந்து சேரும். அங்கே ‘கிட் சப்மாட்யூல் அப்டேட் --இனிட் --ரிகர்சிவ்’ கட்டளையைத் தவிர்க்க முடியாது.

அடுத்தது லைப்ரரிகள். ‘லிப்எஸ்என்டிஃபைல் ஏற்கெனவே இருக்கிறது, ஆனாலும் இல்லை என்கிறது’ என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் உண்மைதான். உபுண்டுவிலும் டெபியனிலும் ஒரு லைப்ரரி இரண்டு பேக்கேஜ்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: மென்பொருள் ஓடுவதற்கானது ஒன்று, அதை வைத்து இன்னொன்றைக் கம்பைல் செய்வதற்கான ஹெடர் கோப்புகள் அடங்கியது மற்றொன்று. இரண்டாவதன் பெயர் ‘-டெவ்’ என்று முடியும். உங்களிடம் இருப்பது முதலாவது. ஒவ்வொன்றாக நிறுவிக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். ‘ஆப்ட் பில்ட்-டெப் ஆர்டோர்’ என்ற ஒரே கட்டளை, உபுண்டு தன் ஆர்டோர் பேக்கேஜைக் கட்டுவதற்குப் பயன்படுத்திய எல்லா -டெவ் பேக்கேஜ்களையும் மொத்தமாகக் கொண்டுவந்துவிடும். மூலநிரல் களஞ்சியம் இயக்கப்படவில்லை என்று அது மறுத்தால், 24.04-இல் ‘உபுண்டு.சோர்சஸ்’ என்ற கோப்பைத் திறந்து, ‘டைப்ஸ்: டெப்’ என்ற வரியில் ‘டெப்-எஸ்ஆர்சி’ என்பதையும் சேர்த்து, ‘ஆப்ட் அப்டேட்’ கொடுங்கள். பழைய வழிகாட்டிகள் ‘சோர்சஸ்.லிஸ்ட்’ கோப்பைத் திருத்தச் சொல்லும், 24.04-இல் அந்தக் கோப்பில் ஒன்றும் இருக்காது. களஞ்சியத்துப் பதிப்புக்குப் பின் ஆர்டோர் புதிதாகச் சேர்த்த ஒன்றிரண்டு லைப்ரரிகள் மட்டும் விடுபடலாம். அவற்றைக் கையால் நிறுவிக்கொள்ளலாம். ஆடியோ மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஜாக் என்ற சர்வரின் லைப்ரரியில் மட்டும் கவனம் வேண்டும். ‘லிப்ஜாக்-டெவ்’, ‘லிப்ஜாக்-ஜாக்டி2-டெவ்’ என்று இரண்டு உண்டு. ஒன்று வந்தால் மற்றொன்று இருக்க முடியாது. முதலாவதைக் கேட்டுவிட்டு, ஆப்ட் நீக்கப்போவதாகக் காட்டும் பட்டியலைப் படிக்காமல் ‘ஒய்’ தட்டினால், கணினியில் உள்ள பாதி ஆடியோ மென்பொருள் காணாமல் போகும். இரண்டாவதே உங்களுக்கு வேண்டியது.

-டெவ் பேக்கேஜ் இருந்தும் ‘இல்லை’ என்று சொன்னால்தான் உண்மையான துப்பறியும் வேலை தொடங்குகிறது. கான்ஃபிகர் திரையில் காட்டுவது ‘இருக்கிறது’, ‘இல்லை’ என்ற தீர்ப்பை மட்டுமே. அந்தத் தீர்ப்புக்கான வாதப் பிரதிவாதம் முழுவதும் ‘பில்ட்’ ஃபோல்டருக்குள் ‘கான்ஃபிக்.லாக்’ என்ற கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது. எந்தக் கட்டளை ஓடியது, அது என்ன பதில் தந்தது என்பதெல்லாம் அங்கே வரிவரியாக இருக்கும். எடுத்துக்காட்டாக, எல்வி2 பிளக்இன்களுக்கான ‘லில்வ்’ இல்லை என்று திரை சொல்கிறது. லாக் கோப்பைத் திறந்தால், லில்வுக்கு ‘சார்டு’ தேவை, சார்டுக்கு ‘செர்டு’ தேவை, செர்டின் ‘.பிசி’ கோப்பைத்தான் காணோம் என்று எழுதியிருக்கும். பழி விழுந்தது லில்வ் மீது, குற்றவாளியோ இரண்டு வீடு தள்ளி இருக்கிறது. இந்த .பிசி கோப்புகளைப் படித்துச் சொல்வது ‘பிகேஜி-கான்ஃபிக்’ என்ற சிறு கருவி. கான்ஃபிகரை மீண்டும் மீண்டும் ஓட்டாமல், ‘பிகேஜி-கான்ஃபிக் --மாட்வெர்ஷன்’ என்று தட்டி லைப்ரரியின் பெயரைக் கொடுத்தால், எந்தப் பதிப்பு அதன் கண்ணில் படுகிறது என்பது உடனே தெரியும். முன்பு எப்போதோ கையால் நிறுவிய பழைய பதிப்பு ‘யூஎஸ்ஆர்/லோக்கல்’ பகுதியில் கிடந்தால் அதுதான் முதலில் கண்ணில் படும். ஆப்ட் வழியே எவ்வளவு புதியதை நிறுவினாலும் பலனிருக்காது.

இதே வகையில் எஃப்எஃப்டிடபிள்யூ என்ற லைப்ரரியைத் தனியே சொல்ல வேண்டும், ஆடியோ மென்பொருள் கட்டுகிறவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் என்பதால். ஒலியை அலைவரிசைகளாகப் பிரிக்கும் கணக்கைச் செய்வது இதுதான். ஆர்டோர் கேட்பது இதன் ஒற்றைத் துல்லிய வடிவத்தை, அதாவது பெயரின் கடைசியில் ‘எஃப்’ சேர்ந்த ‘எஃப்எஃப்டிடபிள்யூ3எஃப்’. உபுண்டுவின் -டெவ் பேக்கேஜில் இரண்டு வடிவங்களும் சேர்ந்தே வருகின்றன. மூலநிரலிலிருந்து கட்டினாலோ, ‘எனேபிள்-ஃப்ளோட்’ என்று சொல்லாவிட்டால் இரட்டைத் துல்லிய வடிவம் மட்டுமே உருவாகும்; அப்போது ‘எஃப்எஃப்டிடபிள்யூ நிறுவியாயிற்று, ஆனாலும் இல்லை’ என்ற புலம்பல் வரும். அதையும் சொல்லி, ‘எனேபிள்-ஷேர்டு’ என்பதை விட்டுவிட்டால் கான்ஃபிகர் தாண்டிவிடும். நெடுநேரம் கழித்து, கம்பைலான துண்டுகளை ஒன்றிணைக்கும் லிங்க் கட்டத்தில்தான் ‘எஃப்பிஐசி போட்டு மறுபடி கம்பைல் செய்’ என்ற பிழை வரும். செய்தி ஆர்டோரின் கோப்பில் வந்தாலும் திருத்த வேண்டியது எஃப்எஃப்டிடபிள்யூவை. களஞ்சியத்தில் கிடைக்கும் ஒரு லைப்ரரியைக் கையால் கட்டாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் வலியுறுத்துவது இதனால்தான். கட்ட வேண்டியது ஆர்டோர் ஒன்றை மட்டும். மற்றதெல்லாம் ஆப்டின் பொறுப்பு.

அப்படியும் பழைய பிளக்இன் எதையாவது கட்ட நேர்ந்தால், நிரலில் தவறில்லாமலேயே தகராறு வரும். உபுண்டு 24.04-இல் ஜிசிசி 13-உம் பைத்தான் 3.12-உம் இருக்கின்றன. ஜிசிசி 13 வந்தபின், முன்பு வேறு ஹெடர்கள் வழியே தானாக உள்ளே வந்துகொண்டிருந்த ‘சிஎஸ்டிடிஇன்ட்’ ஹெடர் பல நிரல்களில் வராமல் போனது. அதனால் ‘யூஇன்ட்32_டி என்றால் என்னவென்று தெரியாது’ என்று கம்பைலர் கைவிரிக்கும். பிழை காட்டிய கோப்பின் தலையில் அந்த ஹெடரைச் சேர்த்தால் தீர்ந்தது. பைத்தான் 3.12-இல் ‘இம்ப்’ என்ற மாட்யூலை நீக்கிவிட்டார்கள். ஆர்டோர் போன்றவற்றைக் கட்டும் வேலையை நடத்தும் ‘வாஃப்’ என்ற கருவியின் பழைய பதிப்பு அதை நம்பியிருப்பதால் முதல் வரியிலேயே விழுந்துவிடும். அந்தத் திட்டத்தில் புதிய வாஃப் சேர்த்த பதிப்பு இருக்கிறதா என்று தேடுவது, பைத்தானைப் பின்னுக்கு இழுக்க முயல்வதைவிட எவ்வளவோ மேல். ‘பைத்தான் என்ற கட்டளையே இல்லை’ என்று மட்டும் சொன்னால் ‘பைத்தான்-இஸ்-பைத்தான்3’ என்ற பேக்கேஜ் போதும்.

‘கில்டு’ என்பதற்கு வருவோம். அது நிரலின் பிழையே அல்ல. சி++ நிரலைக் கம்பைல் செய்யும் ‘சிசி1பிளஸ்’ என்ற செயல், பெரிய கோப்புகளில் நிறைய நினைவகத்தை விழுங்கும். வாஃப் தானாகவே எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனை செயல்களைக் கிளப்பும். 4 ஜிபி ரேமில் டெஸ்க்டாப்பும் பிரவுசரும் ஏற்கெனவே தங்கள் பங்கை எடுத்துக்கொண்டிருக்க, மிச்சம் போதாமல் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஏதாவது ஒரு செயலைப் பலிகொடுக்கிறது. ‘சூடோ டிமெசேஜ்’ (எழுதுவது டி-எம்-இ-எஸ்-ஜி) கட்டளையின் வெளியீட்டில் நினைவகம் தீர்ந்ததும் சிசி1பிளஸ் கொல்லப்பட்டதும் பதிவாகியிருக்கும். உபுண்டுவில் ‘சிஸ்டம்டி-ஊம்டி’ என்ற காவலாளி கெர்னலுக்கு முன்பே பாய்வதும் உண்டு. அப்போது கம்பைலர் மட்டுமல்ல, டெர்மினல் ஜன்னலே சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். செய்ய வேண்டியது இதுதான்: பிரவுசரை மூடுங்கள், ‘./வாஃப் -ஜே1’ என்று ஒரே செயலாக ஓட்டுங்கள். ‘ஸ்வாப்ஆன் --ஷோ’ என்று தட்டி ஸ்வாப் (ரேம் போதாதபோது வட்டில் பயன்படும் இடம்) எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, குறைவாக இருந்தால் 4 ஜிபி அளவில் ஒரு ஸ்வாப் கோப்பு சேருங்கள். நேரம் கூடுதலாகும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

தூங்கும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிழை வந்தாலோ நீங்களே கன்ட்ரோல்-சி அழுத்தினாலோ, வாஃப் அதுவரை முடித்ததைக் குறித்துவைத்துவிட்டு நிற்கும். மறுபடி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். திடீரென மின்சாரம் போனால் குறித்துவைக்க நேரம் கிடைப்பதில்லை. முடிந்த கோப்புகள் வட்டில் இருந்தும் அவற்றை மறுபடி கம்பைல் செய்யத் தொடங்கிவிடும். இதற்குக் காப்பு ‘சிகேஷ்’. அதை நிறுவிவிட்டு, கான்ஃபிகர் செய்யும்போதே சி கம்பைலராக ‘சிகேஷ் ஜிசிசி’ என்றும் சி++ கம்பைலராக ‘சிகேஷ் ஜி++’ என்றும் கொடுத்துவிட்டால், ஒருமுறை கம்பைல் ஆன கோப்பு இரண்டாம் முறை கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து சேரும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்நிறுத்தம் அறிவித்திருக்கும் நாளில், காலை ஒன்பது மணிக்குமுன் நீங்களே கன்ட்ரோல்-சி கொடுத்து நிறுத்திவிடுவது இன்னும் நல்லது.

ஷீட் அறை என்று சொன்னதால் ஒரு எச்சரிக்கை. சித்திரை வைகாசியில் அந்த அறையின் சூடு எப்படியிருக்கும் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. கம்பைல் என்பது பிராசசரை மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடவைக்கும் வேலை. ‘இன்டர்னல் கம்பைலர் எர்ரர்’ என்று வந்து, ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோப்பில் நின்றால், சந்தேகிக்க வேண்டியது நிரலை அல்ல, ரேமையும் சூட்டையும். விசிறியில் படிந்த தூசியைத் தட்டிவிட்டு, ‘மெம்டெஸ்ட்’ ஒன்றை முழுமையாக ஓட்டிப் பாருங்கள். எப்போதும் ஒரே கோப்பில் ஒரே வரியில் நின்றால் அப்போது கம்பைலரைச் சந்தேகிக்கலாம்.

மூலநிரலை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். நண்பர் வீட்டிலிருந்து பென் டிரைவில் கொண்டுவந்து அதிலேயே கம்பைல் செய்யத் தொடங்கினால், அதிலுள்ள எக்ஸ்ஃபேட் கோப்பு அமைப்பு சிம்பாலிக் லிங்க்குகளை (வேறு கோப்பைச் சுட்டும் குறுக்குவழிகளை) ஏற்காது. லைப்ரரி உருவாகும் கட்டத்தில் ‘அனுமதி இல்லை’ என்ற பொருளில் ஒரு பிழை வந்து நிற்கும், நீங்கள் சூடோ போட்டுப் போட்டு அலுத்துப்போவீர்கள். டார் கோப்பைக் கொண்டுவரப் பென் டிரைவ் சரி. பிரிப்பதும் கட்டுவதும் உங்கள் ஹோம் ஃபோல்டரில்தான் நடக்க வேண்டும். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருக்கவும் கூடாது. பல மென்பொருள்களைக் கட்டும் ‘மேக்’ என்ற கருவியின் கோப்புகள் இடைவெளியைக் கண்டால் ஒரு பெயரை இரண்டாகப் பிரித்துப் படித்துவிடும்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருப்பதால் வரும் இன்னொரு குழப்பம் பலருக்குப் புலப்படுவதில்லை. விண்டோஸ் கணினிக் கடிகாரத்தை நம் உள்ளூர் நேரமாக எழுதும். லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொண்டு மேலும் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டும். ஹாட்ஸ்பாட் இணைந்ததும் நேரம் திருந்திவிடும். ஆனால் இணைவதற்குமுன் உருவான கோப்புகள் எல்லாம் எதிர்காலத் தேதியோடு நிற்கும். ‘மேக்’ எதை மறுபடி கம்பைல் செய்வது என்பதைக் கோப்பின் நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது. ஒரு கோப்பின் நேரம் ஏறத்தாழ 19800 விநாடி எதிர்காலத்தில் இருக்கிறது என்று எச்சரிக்கை வந்தால், அந்த 19800 என்பது ஐந்தரை மணி நேரம்தான். ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ என்று ஒருமுறை கொடுத்துவிட்டு, பழைய பில்டை அழித்துப் புதிதாகத் தொடங்குங்கள். வாஃப் நேரத்தைப் பார்ப்பதில்லை, கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்க்கிறது. எனவே ஆர்டோருக்கு இது இடையூறில்லை, மேக் வழியே கட்டும் மற்றவற்றுக்குத்தான்.

கடைசிச் சிக்கல்தான் ஆடியோ மென்பொருளுக்கே உரியது: பிழையே இல்லாமல் கம்பைல் ஆகும், அழகாகத் திறக்கும், ஆனால் ஒலிக்கருவி தெரியாது. பெரும்பாலான மென்பொருள்களில் ஒரு லைப்ரரி இல்லையென்றால் வேலை நின்றுவிடும். ஆடியோ மென்பொருள்களிலோ ஒலிக்கருவியோடு பேசும் பகுதியே விருப்பத் தேர்வாக இருக்கிறது, ஏனென்றால் அதே நிரல் விண்டோஸிலும் ஆப்பிள் கணினியிலும் ஓட வேண்டும். போர்ட்ஆடியோ என்ற லைப்ரரியை, லினக்ஸில் ஒலிக்கருவியோடு நேரடியாகப் பேசும் ஆல்சாவின் ஹெடர் இல்லாத கணினியில் கட்டினால் அது முறையிடாது. ஆல்சா இல்லாமலேயே தன்னைக் கட்டிக்கொள்ளும். அதை நம்பிக் கட்டப்பட்ட மென்பொருளில் மைக்கும் இருக்காது, ஸ்பீக்கரும் இருக்காது. உங்கள் ஆர்டோரிலும் நடந்தது இதன் உறவு. நீங்கள் அனுப்பிய கட்டளையில் பேக்எண்ட் (ஒலிக்கருவியோடு பேசும் பகுதி) என்ற இடத்தில் ‘ஜாக்’ மட்டும் இருக்கிறது. ஜாக் சர்வரைத் தனியே ஓட்டிவிட்டு ஆர்டோரைத் திறந்த காலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டியிலிருந்து எடுத்திருப்பீர்கள். கட்டளையை இப்படி மாற்றுங்கள்: ‘./வாஃப் கான்ஃபிகர் --ஆப்டிமைஸ் --வித்-பேக்எண்ட்ஸ்=ஆல்சா,ஜாக்,டம்மி’. கான்ஃபிகர் முடிந்ததும் திரையில் ஒரு நீண்ட சுருக்கப் பட்டியல் வரும். எல்லோரும் அதை உருட்டிவிட்டு அடுத்த கட்டளைக்குப் போவார்கள். நீங்கள் அதில் ‘ஆல்சா பேக்எண்ட்’ என்ற வரிக்கு எதிரே ‘ட்ரூ’ என்று இருக்கிறதா என்று பார்த்த பின்பே கம்பைலைத் தொடங்குங்கள். ஒரு நிமிடம் அதைப் படித்தால் ஓர் இரவு மிச்சம்.

‘--ஆப்டிமைஸ்’ என்பதையும் உங்கள் கட்டளையில் காணவில்லை. அது இல்லாவிட்டால் பிழை தேடுவோருக்கான டீபக் வடிவம்தான் உருவாகும். அது ஓடும், ஆனால் உங்கள் பிராசசரில் நான்கு டிராக்குக்கே திணறி, ஒலியில் டிக் டிக் என்ற வெட்டுகள் விழும். பிறகு இன்டர்ஃபேஸ் மட்டம் என்று பழி சொல்வீர்கள்.

கம்பைல் முடிந்ததும் உடனே நிறுவ வேண்டாம். ‘ஜிடிகே2_ஆர்டோர்’ ஃபோல்டருக்குள் போய் ‘./ஆர்டெவ்’ என்று கொடுத்தால் கட்டிய இடத்திலிருந்தே ஓடும். எல்லாம் சரியென்று தெரிந்த பின் ‘வாஃப் இன்ஸ்டால்’ செய்யலாம். மற்ற மென்பொருள்களை யூஎஸ்ஆர்/லோக்கலில் நிறுவியபின், ‘ஷேர்டு லைப்ரரியைத் திறக்க முடியவில்லை’ என்று வந்தால் ‘சூடோ எல்டிகான்ஃபிக்’ என்ற ஒரு கட்டளை பெரும்பாலும் போதும்.

அதற்குப் பின்னும் இன்டர்ஃபேஸ் தெரியவில்லை என்றால் ‘ஏரெக்கார்ட் -எல்’ என்று தட்டுங்கள். அந்தப் பட்டியலில் கருவி இருந்தால் கெர்னல் அதை அறிந்திருக்கிறது, ஆர்டோர் பக்கம்தான் பார்க்க வேண்டும். அங்கேயே இல்லையென்றால் கேபிளையும் யூஎஸ்பி துளையையும் மாற்றிப் பாருங்கள், மூலநிரலை மறந்துவிடுங்கள். பட்டியலில் இருந்தும் ஆர்டோரால் திறக்க முடியாவிட்டால் வேறு யாரோ அதைப் பிடித்திருக்கிறார்கள். உபுண்டு 24.04-இல் ஒலியை நிர்வகிப்பது பைப்வயர். பின்னால் யூட்யூப் ஓடிக்கொண்டிருந்தால்கூட கருவி அதன் கையில் இருக்கலாம். ‘ஃபியூசர் -வி’ கட்டளையை ‘/டெவ்/எஸ்என்டி’ பகுதியின் கோப்புகள் மீது ஓட்டினால் பிடித்திருப்பவரின் பெயர் தெரியும். பைப்வயரோடு சேர்ந்தே இயங்க வேண்டும் என்றால், ‘பைப்வயர்-ஜாக்’ பேக்கேஜை நிறுவி, ‘பிடபிள்யூ-ஜாக்’ என்ற கட்டளை வழியே ஆர்டோரைத் திறந்து, பேக்எண்டாக ஜாக்கைத் தேர்ந்தெடுக்கலாம். பதிவு வேலைக்கு ஆல்சாவை நேரடியாகத் தேர்வதையே நான் விரும்புவேன். நடுவில் ஆள் குறைவு.

திறக்கும்போது நினைவகப் பூட்டு வரம்பு பற்றி ஆர்டோர் எச்சரித்தால், அது ரியல்டைம் அனுமதி (ஒலி வேலைக்கு மற்றவற்றைவிட முன்னுரிமை தரும் அனுமதி) பற்றியது. உங்கள் பயனர் ‘ஆடியோ’ குழுவில் இருக்க வேண்டும், ‘லிமிட்ஸ்.டி’ ஃபோல்டரில் உள்ள ‘ஆடியோ.கான்ஃப்’ கோப்பில் அந்தக் குழுவுக்கு ஆர்டிபிரையோ 95, மெம்லாக் அன்லிமிடெட் என்று இருக்க வேண்டும். மாற்றியபின் முழுதாக லாக் அவுட் செய்து மீண்டும் வந்தால்தான் நடைமுறைக்கு வரும். இனி பஃபர், அதாவது ஒலியை ஒரு சுற்றுக்கு எவ்வளவு சேர்த்துக் கையாள்வது என்ற அளவு. 48000 ஹெர்ட்ஸில் 1024 என்ற பஃபர் அளவு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 21 மில்லிவிநாடி. ஹெட்ஃபோனில் தன் குரலையே கேட்டுப் பாடுபவருக்கு அந்தத் தாமதம் தாளத்தைக் குழப்பும், டோலக் வாசிப்பவருக்கு இன்னும் மோசம். 256 என்றால் ஐந்தேகால் மில்லிவிநாடியை ஒட்டி வரும். பதியும்போது 256 வைத்துக்கொள்ளுங்கள், மிக்ஸ் செய்யும்போது 1024-க்கு உயர்த்திவிடுங்கள். பழைய பிராசசருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். ஜீவா ஸ்டேஷன் பக்கம் மின்சார ரயில் போகும் சத்தத்துக்கு மட்டும் எந்தப் பஃபரும் உதவாது, அதற்குக் கதவைத்தான் கவனிக்க வேண்டும்.

களஞ்சியத்துப் பதிப்பும் நீங்கள் கட்டிய பதிப்பும் ஒரே கணினியில் இருக்கலாம், சண்டை வராது. ஆனால் புதிய பதிப்பில் திறந்து சேமித்த செஷன் பழைய பதிப்பில் திறக்காமல் போகக்கூடும். இதுவரை பதிந்து வைத்திருக்கும் பாடல்களின் செஷன் ஃபோல்டர்களை அப்படியே வேறொரு வட்டில் நகலெடுத்துவிட்டு, நகலை மட்டும் புதிய ஆர்டோரில் திறந்து பாருங்கள். இதற்கு மேலும் எங்காவது நின்றால், கடைசி வரியின் படத்தை அனுப்பாமல், கான்ஃபிக்.லாக் கோப்பையும் ‘எர்ரர்’ முதலில் வந்த இடத்துக்கு முன்பின் இருபது வரிகளையும் எழுத்தாகவே அனுப்புங்கள்.